ஆளில்லாத ஊரின் கிணறு

கம்பத்துக்கு மேற்கே, கால்வாய்த் தண்ணீர் ஏறாத மேட்டில் எனக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கு அடியில் ஒரு ஊர் கிடக்கிறது. வீடு, தெரு, கோயில், கொல்லை என்று எல்லாம் இருந்து, எப்போதோ ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன ஊர். இந்தப் பள்ளத்தாக்கில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். சொந்தக் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள்கூட உண்டு. சொந்தமாக ஒரு ஊரையே வைத்திருப்பவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். டீக்கடையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பட்டா என் பேரில் இருக்கிறது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராகத் தொற்றினேன். பிறகு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்பை ஓட்டினேன். அப்புறம் அந்த ஜீப்பையே வாங்கினேன். அதற்கும் பிறகு ஏலக்காயையே வாங்கி விற்று மேலே வந்தேன். மலையாளம் காதால் கேட்டே கற்றது. இன்றைக்கும் மலைக்கு மேலே போய் விலை பேசினால் என்னை அந்தப் பக்கத்து ஆள் என்றுதான் நினைப்பார்கள். யாரும் கை கொடுத்து என்னைத் தூக்கிவிடவில்லை. என் மனைவி இதைக் கேட்டால், "அப்ப நான் யாராம்?" என்பாள். அவளைத் தவிர என்று சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தை நான் வாங்கப்போனபோது ஒருவரும் போட்டிக்கு வரவில்லை. மண்ணில் குறை ஒன்றும் கிடையாது. சாம்பல் கலந்த கறுத்த மண். கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். ஆனால் கலப்பை போகிற இடமெல்லாம் ஓடும் கல்லும் தட்டும். ஆட்டுக்காரர்கள் அங்கே கிடை போட மாட்டார்கள். ராத்திரி படுத்தால் பழைய ஊர்க்காரர்கள் வந்து தட்டி எழுப்பி வெற்றிலை கேட்பார்கள் என்று பேச்சு. நான் விற்பவரிடம் கேட்டேன்: "வெத்தலைதான கேக்காக? வேற ஒண்ணும் கேக்கலையே? ஒரு கட்டு வாங்கி வச்சுட்டாப் போச்சு." அவர் பத்திரத்தை எடுத்து வர உள்ளே போனார்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போனபோதுதான் வேடிக்கை. அவர் வரைபடத்தை விரித்துக் காட்டி, "இது தனி ஊருங்க. பேர் இருக்கு, எல்லை இருக்கு, நம்பர் இருக்கு. ஆள் மட்டும் இல்ல. பேச்சிராக் கிராமம்னு இதைச் சொல்லுவோம்" என்றார். நல்ல ஊர்தான், தேர்தலுக்கு மைக் செட் வராது என்று நான் சொன்னேன். பின்னால் தேனியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் வந்து ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தார்கள். பாண்டியர்கள் ஆட்சி ஓய்ந்து நாயக்கர்கள் வந்த காலத்துக்கு முன்னே பின்னே இந்த ஊர் இருந்திருக்க வேண்டும் என்றார் அவர். சரி, எனக்கு ரொம்ப முன்னால் என்று நான் மனதில் போட்டுக்கொண்டேன்.

ஊர் இருந்த மேட்டை நான் தொடவில்லை. மேட்டுக்குக் கிழக்கே லேசாகச் சரிந்த பாகத்தில் கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, பந்தல் போட்டு, பன்னீர் திராட்சை வைத்தேன். செடி பிடித்துக்கொண்டது. இந்த மண்ணில் பிடிக்காமல் எங்கே பிடிக்கும்? எத்தனையோ தலைமுறை அடுப்புச் சாம்பலும் மாட்டுச் சாணமும் ஊறிய மண். கொடி கம்பியைத் தொட்டபோது, பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலியோரமாக வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

தண்ணீர்தான் வரவில்லை.

முதலில் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து வந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் போட்டேன். புகைபோல வெள்ளைத் தூள் வந்தது. அடுத்து ஒருவர் மிஷினோடு வந்தார். அவர் காட்டிய இடத்தில் போட்டேன். அதே தூள், நிறம் மட்டும் வேறு. அதற்குமேல் போர் போடக் கூடாது என்று என் மனைவி தீர்மானம் நிறைவேற்றிவிட்டாள்.

கொடியைக் காப்பாற்றியது என் மனைவியின் தம்பியுடைய டிராக்டரும் டேங்கரும்தான். அதை நான் மறைக்கவில்லை. என் மச்சினன் கெட்டிக்காரன். நான் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், அவன் என்னை மச்சான் என்பான். கம்பத்தில் மனை விற்கும் தொழில், போடிப் பக்கம் மாந்தோப்புக் குத்தகை. வாரத்தில் இரண்டு நாள் டேங்கரைக் கொண்டுவந்து வேரில் விடுவான். விடும்போதெல்லாம் மேட்டின் மேல் ஏறி நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலாபக்கமும் பார்ப்பான். அவன் எதைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் கண்ணுக்குக் கொடி தெரியாது. நடுவில் ரோடு, இரண்டு பக்கமும் மனைக்கல் தெரியும்.

"மச்சான், சித்திரை பொறந்துட்டா மாங்கா லோடு. வண்டி உங்களுக்கு வராது. இப்பவே சொல்லிட்டேன்" என்றான் ஒருநாள்.

"அதுக்குள்ள தண்ணி வந்துரும்லே."

"எங்கன இருந்து வரும்? தேங்கா எந்திரிச்ச எடத்துலயே வரல."

"இது ஊரு இருந்த எடம், மாப்ள. ஊரு இருந்தா கெணறு இருந்திருக்கணும். அவுக தண்ணி குடிக்காமலா இருந்தாக?"

அவன் டேங்கர் குழாயை மூடிவிட்டு, ரொம்ப நிதானமாக ஒரு கேள்வி கேட்டான். "தண்ணி இருந்திருந்தா ஏன் மச்சான் ஊரைவிட்டுப் போனாக?"

என்னிடம் பதில் இல்லாத நாள் என் மனைவிக்கு ரொம்பப் பிடிக்கும். சாப்பாடு போடும்போது சொன்னாள்: "அவன் கேட்டது நியாயம்தானங்க. சித்திரைக்குள்ள தண்ணி வரட்டும், கொடி இருக்கட்டும். வரலைன்னா கொடியப் புடுங்கிட்டு எடத்தை அவன்கிட்டக் குடுத்துருங்க. பிளாட்டாவது போடட்டும்." நானும் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. காய் பிடிக்கக் கிளையை நறுக்கிவிடுகிற முதல் கவாத்துக்குக் கத்திரிக்கோல்கூட வாங்கி வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் போய் அந்த மேட்டில் உட்கார்ந்து யோசித்தேன். நான் யோசிக்க உட்கார்ந்தால் விடாமல் யோசிப்பேன். ஏலக்காய் விலை எப்போது இறங்கும் என்று அப்படித்தான் கண்டுபிடித்து வந்திருக்கிறேன். என்னைச் சுற்றிக் கல் கிடந்தது. அம்மிக்கல் கிடந்தது, குழவி கிடந்தது, திருகையின் அடிக்கல் கிடந்தது, பாதி புதைந்த ஆட்டுரல் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவன் எழுந்துவிட்டேன். அன்று சாயங்காலமே மச்சினனைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன்.

"தண்ணி இல்லாம போறவன் எப்படிலே போவான்? இந்த வருசம் ஒரு வீடு, அடுத்த வருசம் ஒரு வீடுன்னு நிதானமாப் போவான். அம்மி, ஆட்டொரலு, திருகை எல்லாத்தையும் வண்டில ஏத்திட்டுத்தான் போவான். பொம்பளையாளுக விட்டுட்டு வருவாகளா?"

"வரமாட்டாக" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

"அம்புட்டும் அங்கனயே கெடக்கு. அப்பன்னா என்ன அர்த்தம்? திடீர்னு கெளம்பியிருக்காக. கொள்ளை நோயோ, குதிரைப் படையோ என்னமோ ஒண்ணு வந்திருக்கு. தண்ணி தீந்து போகல."

மச்சினன் என் மனைவியைப் பார்த்தான். "அக்கா, மச்சான் வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

"மூணாப்பு படிச்சதுக்கே இந்தப் பாடு" என்றாள் அவள்.

கிணறு உண்டு என்பது முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் பாக்கி. மேட்டையும் சுற்றியிருந்த முள்ளையும் நான் தினமும் சுற்றி வந்தேன். மேட்டின் மேல் கிடக்கிற ஓடெல்லாம் சமையல் பானை, மொத்தையானது, கரி பிடித்தது. தென்கிழக்கே, மழைக்கு மட்டும் ஓடுகிற சின்ன ஓடைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் வேறு மாதிரி ஓடு கிடந்தது. எல்லாம் மெல்லிசான தண்ணீர்க் குடத்து ஓடு. அள்ள அள்ள வந்தது. அதில் நான் ஒன்றைக் கவனித்தேன். நிறைய ஓட்டில் ஓரமாகப் பாதி ஓட்டை தெரிந்தது. குடம் முழுசாக இருந்தபோது யாரோ வேண்டுமென்றே போட்ட ஓட்டை.

என் தோட்டத்தில் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையில் கொடிக்குக் கொடி சொட்டுநீர்க் குழாய் இழுத்துப் போட்டிருந்தேன். குழாயில் ஓட்டை, ஓட்டையில் சொட்டு. ஓட்டை போட்ட குடத்தைப் பார்த்தவுடன் எனக்கு வேறு என்ன தோன்றும்? குடத்தில் ஓட்டை போட்டு, செடிக்குப் பக்கத்தில் புதைத்து, தண்ணீர் ஊற்றி வைத்தால் மெல்ல மெல்லக் கசியும். அந்தக் காலத்திலேயே சொட்டுநீர். அப்படியானால் அது தோட்டம். இத்தனை குடம் இருந்தால் பெரிய தோட்டம். பெரிய தோட்டத்துக்கு நடுவில் கட்டாயம் கிணறு.

இதை நான் கம்பம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள டீக்கடையில் நின்று எல்லோருக்கும் விளக்கினேன். விவசாய ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அப்படியும் இருக்கலாம்ங்க" என்றார். அது போதாதா?

கிணறு வெட்டும் மேஸ்திரியை வருசநாட்டிலிருந்து வரவழைத்தேன். மலையடிவாரத்தில் எத்தனையோ கிணறு இறக்கியவர். பேச்சு குறைவு, வெற்றிலை அதிகம். ஆட்களோடு வந்து, நான் காட்டிய இடத்தில் கோடு போட்டு வேலையை ஆரம்பித்தார். நான் ஒரு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மண் லேசாக வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூர்ந்துபோன கிணறு என்றால் மண் இப்படித்தானே லேசாக வரும்?

இடுப்பளவு இறங்கியதும் சாம்பல் வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, அடுக்கடுக்காகச் சாம்பல். கரித்துண்டு வந்தது. பிறகு வெந்து வெள்ளையாகிப்போன சின்னச் சின்னச் சில்லு வந்தது. மேஸ்திரி ஒரு சில்லை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு நான் பத்திரமாக எடுத்து வைத்திருந்த ஓட்டைக் குடத்து ஓடுகளைப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குழிக்கு வெளியே ஏறி வந்தார்.

"மொதலாளி, செத்த வீட்டுக்குப் போயிருக்கீகளா?"

"போகாம? ஏன் கேக்கீக?"

"கொள்ளி வைக்கிறவன் தோள்ல குடத்தை வச்சுச் சுத்தி வருவாம்ல. ஒவ்வொரு சுத்துக்கும் குடத்துல அருவா முனையால ஒரு ஓட்டை போடுவாகல்ல. அப்புறம் குடத்தைப் பின்னால போட்டு உடைச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போவாகல்ல."

என் அப்பாவுக்கு அந்தக் குடத்தைத் தூக்கிச் சுற்றியவனே நான்தான். தண்ணீர் முதுகில் வழிந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அதுவும் சொட்டுநீர்தான், வாஸ்தவம்.

"இது அந்த ஊருச் சுடுகாடு, மொதலாளி" என்றார் மேஸ்திரி. அவருடைய ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஏற்கெனவே தள்ளிப்போய் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் உடனே குழியை மூடச் சொன்னேன். எடுத்த ஓடு, எலும்புச் சில்லு எல்லாவற்றையும் அந்தந்த இடத்திலேயே போட்டு, மண்ணைத் தள்ளி, மேலே ஒரு தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினோம். யார் பெற்ற பிள்ளைகளோ, நிம்மதியாகக் கிடக்கிறவர்களை எழுப்பிவிட்டோம். இன்றுவரை அந்தத் துண்டில் நான் கால்நடை கட்டுவதில்லை. தும்பைச் செடி தானாக வளர்ந்து வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. வாசலில் என் மனைவி வாளியோடு நின்றாள்.

"அங்கனயே நில்லுங்க. படி ஏறாதீக."

"ஏத்தா, அது எந்தக் காலத்துச் சுடுகாடோ. தீட்டெல்லாம் காஞ்சு போயிருக்கும்."

"சுடுகாட்டுக்குக் காலம் என்ன காலம்? குளிச்சுட்டு வாங்க."

தெருவே பார்க்க, வேட்டியோடு நின்று நான் குளித்தேன். அந்த நேரம் பார்த்து மச்சினன் பைக்கில் வந்து இறங்கினான். அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு.

"என்ன மச்சான், தண்ணி வந்துருச்சு போல."

"வாளித் தண்ணிலே."

"டீக்கடைல கேட்டாக. சொட்டுநீருக்கு மானியம் உண்டான்னு."

அந்த வாரம் நான் அந்த டீக்கடைப் பக்கம் போகவில்லை. கம்பத்தில் டீக்கடைக்கா பஞ்சம்? ஆனால் கொடி அதற்காகக் காத்திருக்குமா? பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இலை ஓரம் சுருள ஆரம்பித்தது. டேங்கர் வாரத்துக்கு ஒருமுறை ஆகிவிட்டது. மச்சினன் ஒரு நாள் அளவெடுக்கும் ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான், சும்மா காற்று வாங்க வந்ததாகச் சொன்னான். காற்று வாங்க வந்தவர் கையில் டேப் இருந்தது.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது நான் மனைவியிடம், "சரி, அவன்கிட்டயே பேசிரு" என்றேன். அவள் குழம்பு ஊற்றுவதை நிறுத்தினாள். நான் தோற்றுப் பேசி அவள் கேட்டதில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வேறு எதையோ பேசுவதுபோலக் கேட்டாள்.

"நம்ம ஊருல சுடுகாடு எங்கன இருக்கு?"

"தெக்கால, ஓடைக்கு அங்கிட்டு."

"குடிதண்ணிக் கெணறு?"

"வடக்கால, மேட்டுல."

"எங்க அப்பன் ஊருல?"

"அதுவும் அப்படித்தான்."

"சுடுகாட்டுத் தண்ணி எறங்குற பக்கம் எவளாவது குடிக்கக் குடம் எடுத்துட்டுப் போவாளா? நீங்க சுடுகாட்டைக் கண்டுபிடிச்சிட்டீக. அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் மேல போய்ப் பாக்கணும். அதை விட்டுட்டு, குடுத்துரு குடுத்துருன்னா?"

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "விடியட்டும். கெணறு எங்கயும் ஓடிராது."

இந்த இடத்தில் ஒன்றைப் பதிவு செய்துவிடுகிறேன். சுடுகாட்டைக் கண்டுபிடிக்காமல் எதிர்ப்பக்கம் எது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? தேங்காய்க்காரர் கண்டுபிடிக்கவில்லை, மிஷின்காரர் கண்டுபிடிக்கவில்லை. நான் கண்டுபிடித்தேன்.

காலையில் இரண்டு பேரும் போனோம். மேட்டுக்கு வடமேற்கே மலையைப் பார்த்து ஏறுகிற பக்கம் முழுக்கக் கருவேல முள். ஆடுகூட உள்ளே போகாது. நான் அரிவாளால் வெட்டிக்கொண்டே போக, அவள் சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் வந்தாள். வெயில் ஏறும்வரை வெட்டினேன். இந்த வயதில் அப்படி வெட்ட இன்னொரு ஆள் வரட்டும் பார்ப்போம். ஆனாலும் கல்லும் முள்ளும் தவிர ஒன்றும் இல்லை. அவள் கால் வலிக்கிறது என்று, தரையோடு படுத்திருந்த ஒரு நீளக் கல்லில் உட்கார்ந்தாள். தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்தாள். வைத்தவள் மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இங்க வாங்களேன்."

"என்ன, பாம்பா?"

"தூக்கு ஆடாம நிக்குது."

"அதுக்கு என்னைக் கூப்பிடணுமா?"

"இது குடம் வச்ச கல்லு."

போய்ப் பார்த்தேன். கல்லின் மேல் வட்டமாக ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. மண்ணைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் வரிசையாக அப்படியே போகிறது. உளி வைத்து வெட்டிய குழி கிடையாது. விளிம்பே இல்லாமல் வழவழவென்று தேய்ந்த குழி. குடத்தை இறக்கி வைத்து, தலைச் சும்மாட்டைச் சரிசெய்து, இரண்டு வார்த்தை ஊர்க்கதை பேசி, மறுபடி தூக்கி வைத்து, அந்த ஊர்ப் பெண்கள் தேய்த்த குழி. என் மனைவி அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எம்புட்டுப் பேசியிருப்பாளுக" என்றாள்.

கல் வரிசை முடிகிற இடத்தில் மண் ஒரு தாம்பாளம்போல லேசாக உள்வாங்கியிருந்தது. அதன் ஓரத்தில் சாய்ந்து கிடந்த இன்னொரு கல்லைப் புரட்டினேன். அதன் விளிம்பில் விரல் புதையும் அளவுக்குக் கோடு கோடாகப் பள்ளம். கயிறு இழுத்து இழுத்து அறுத்த பள்ளம். டீக்கடையில் போய்ச் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றியது. தண்ணீர் வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மேஸ்திரி இந்த முறை தானே முதலில் மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு கிரேனை நிறுத்தினார். மேலே மண், அதற்குக் கீழே இடிந்து விழுந்த சுவர்க்கல், அதற்குக் கீழே இலைமக்கு. இறங்க இறங்கச் சுற்றிலும் சுவர் தெரிந்தது. சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லாக வட்டமாக அடுக்கிய சுவர். ஒரு கல் நகரவில்லை. மேஸ்திரி அண்ணாந்து பார்த்து, "இதைக் கட்டுனவன் இப்ப இருந்தா நான் அவன்கிட்டச் சித்தாளாப் போவேன், மொதலாளி" என்று கத்தினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே அப்போதுதான்.

சித்திரை நெருங்கிவிட்டது. டேங்கர் அந்த வாரம் வரவில்லை. நான் பந்தலுக்குள் போவதையே நிறுத்திவிட்டேன். சுருண்ட இலையைப் பார்க்கத் தைரியம் இல்லை. கிணற்று விளிம்பிலேயே கிடந்தேன். ஒரு நாள் மத்தியானம் மேலே வந்த கூடையில் மண் நிறம் மாறியிருந்தது. சாம்பல் நிறக் களி. அதை நான் கையில் அள்ளிப் பிழிந்தேன். விரலிடுக்கில் ஈரம் கசிந்தது.

அடுத்த கூடையில் களிமண்ணோடு ஒரு குடம் வந்தது. முழுசு. வாய்கூட உடையவில்லை. அதற்கடுத்துச் சின்னதாக ஒரு செம்பு மாதிரி மண்பாத்திரம், அதுவும் முழுசு. மேட்டில் எங்கே பார்த்தாலும் உடைந்த ஓடு. கிணற்றுக்குள் விழுந்தது மட்டும் சேற்றில் மெத்தென்று இறங்கிப் பிழைத்துக்கொண்டது. மனைவி அந்தக் குடத்தை மடியில் வைத்துத் துடைத்தாள்.

"எவளோ ஒருத்தி கயிறு நழுவி உள்ள விட்டிருக்கா. வீட்டுல மாமியார்க்காரி என்ன பேச்சுப் பேசினாளோ."

"பாதாளக்கரண்டி போட்டு எடுத்திருக்கலாம்ல."

"போட்டுத்தான் பாத்திருப்பா. மாட்டலை."

தேனி ஆசிரியருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து குடத்தையும் செம்பையும் படம் பிடித்து, பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அவற்றின் மேல் கண் இல்லை. என் கண் முழுக்கக் கிணற்றின் அடியில் இருந்தது. மேற்குப் பக்கத்துச் சுவரில், மலை இருக்கிற திசையில், இரண்டு கல்லுக்கு நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் இடுக்கு. களியை வழித்ததும் அதிலிருந்து தண்ணீர் எட்டிப் பார்த்தது. முதலில் சிந்தியது. மேஸ்திரி ஒரு கம்பியை விட்டு ஆட்டினார். பிறகு அது ஓட ஆரம்பித்தது. ஆட்கள் சிரித்துக்கொண்டே ஏறி வந்தார்கள். மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால் உள்ளே வானம் தெரிந்தது. நான்கு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது.

மச்சினன் அன்று காலையிலேயே டிராக்டரோடு வந்துவிட்டான், டேங்கர் நிறையத் தண்ணீரோடு. மாங்காய் லோடை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நியாயம் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மேஸ்திரி ஒரு வாளி இறைத்து நீட்டினார். குடித்துவிட்டு மீசையைத் துடைத்தான்.

"தேங்காத் தண்ணி மாதிரி இருக்கு மச்சான்."

"தேங்காய்க்காரரு இந்தப் பக்கம் வரவே இல்லலே."

"இம்புட்டுத் தண்ணிய விட்டுட்டு ஏன்தான் போனாகளோ" என்றான், கேலி இல்லாமல்.

அது எனக்கும் தெரியாது. அந்த ஆசிரியருக்கும் தெரியாது. கிணற்றை நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள், கல்லை நன்றாகத்தான் தேய்த்திருந்தார்கள். அம்மியைக்கூட எடுக்காமல் போனவர்கள் எங்கே போய் யார் ஊரில் தண்ணீர் கேட்டு நின்றார்களோ. நான் யோசித்துக் கண்டுபிடிக்காத விஷயம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கிணறு மேல்பக்கம் இருப்பதால், பக்கத்தில் ஒரு தொட்டியில் ஏற்றிவிட்டால் போதும், தோட்டத்துக்குத் தானாக இறங்கும். அன்று மேஸ்திரியின் மோட்டாரால் தொட்டியை நிரப்பி, முதல் தண்ணீர் என்பதால் சொட்டுக்குழாயில் விடாமல் பாத்தியிலேயே திறந்துவிட்டோம். மச்சினன் செருப்பைக் கழற்றிவிட்டு மண்வெட்டியோடு பந்தலுக்குள் போய்விட்டான். மனை விற்கிற கை மண்வெட்டி பிடிப்பதை அன்றுதான் பார்த்தேன். காய்ந்த பாத்தியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு கொடியின் வேரிலும் சற்று நின்று, மண்ணுக்குள் இறங்கி, அடுத்ததற்குப் போனது. அவன் பின்னாலேயே நடந்து மடை திருப்பிக்கொண்டே கத்தினான்.

"மச்சான், எனக்கு மேல்பக்கம் ஒரு எடம் கெடக்குல்ல. இங்கன இருந்து ஒரு பைப்பு இழுத்தா..."

"அக்காகிட்டக் கேளு. கெணறு அவ கண்டுபிடிச்சது" என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் என் காதிலேயே அது விழுந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பக்கத்தில் மேஸ்திரி வேறு இருந்தார், சாட்சிக்கு.

"கடைசிக் கொடி வரைக்கும் பாயட்டும், அப்புறம் பைப்பப் பத்திப் பேசலாம்" என்று அவள் தம்பியிடம் சொன்னாள். பிறகு போனை எடுத்துக் கவாத்து வெட்டும் ஆட்களைக் கூப்பிட்டாள். தண்ணீர் வந்துவிட்டது, திங்கட்கிழமை காலையில் வந்துவிடுங்கள், கத்திரிக்கோல் எங்களிடமே இருக்கிறது என்று எல்லாம் அவளே பேசினாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.